நீலம் ஏறாத மீன்

ஓசூரில் மகன் ராஜேஷ் வீட்டில் இருக்கும் என் தோஸ்த் டேனியலுக்கு, ஆம்பூர் பாறைமடுவு காலனியிலிருந்து டிரம் வேலு சொல்லச் சொல்ல எழுதியது.

உன் ஆண்டவரும் எங்கள் கெங்கையம்மனும் உன்னை நடமாட்டத்தோடு வைத்திருக்க வேண்டும். உன் பெண்சாதி, என் தங்கச்சி மாதிரியான ஜோதிக்கு முட்டிவலி அதிகமாகி, மாதா கோயிலுக்குக்கூட ஆட்டோவில்தான் போகிறது என்று வாணியம்பாடி சாவு வீட்டில் ஒருத்தர் சொன்னார். நொச்சி இலை ஓசூரில் கிடைக்கிறதா? இல்லையென்றால் இங்கே ஓடை ஓரமாக நிறைய இருக்கிறது. இலைக்கு ஒன்றும் இல்லை, தைரியமாகப் பறித்துத் தரலாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் இனிமேல் எதற்கும் நான் தைரியம் சொல்லப் போவதில்லை. ஏன் என்று கீழே வரும்.

பத்தொன்பது வருஷம் கழித்து இவனிடமிருந்து என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் மகனுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் நீதான் எடுத்தாய். உன் இருமலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். போனில் பேசினால் பாதியில் நீயும் வைத்துவிடலாம். தாள் என்றால் கையில் இருக்கும். கோபம் வந்து கீழே போட்டாலும் அப்புறம் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு காலத்தில் என் கடிதம் எல்லாம் எழுதினது நீதான். பட்டம்மாளைப் பெண் கேட்டு அவள் ஊர் அணைக்கட்டுக்கு எழுதினது நீ. என் அப்பன் செத்த சேதியை எழுதினது நீ. கடைசியில் உனக்கு ஒரு கடிதம் எழுத நான் ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. இதை எழுதுவது ஹலீமா பீயின் மகள் ஜஹீதா. ஹலீமா பீயை உனக்குத் தெரியும், நம் தோல் பதனிடும் ஷாப்பில் ஓரம் நறுக்கும் செக்‌ஷனில் இருந்தவர். நீ போகும்போது இந்தப் பெண் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது வேலூரில் பெரிய படிப்பு படிக்கிறாள். என்ன சொன்னாலும் அப்படியே எழுது, அழகு பண்ணாதே என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டு விஷயம் சொல்கிறேன். பட்டம்மாள் போய் பதினொரு வருஷம் ஆகிறது. உனக்குச் சேதி வந்திருக்கும். நீ வரவில்லை. வராதது சரிதான். மகன் தமிழ்வேந்தன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் பெண்சாதி மேகலா நல்ல பெண். கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, இப்போது ஏழாம் மாதம். கால் கொஞ்சம் வீங்குகிறது, மற்றபடி சுகம்.

நம் மடுவு நீ இருந்தபோது இருந்த மாதிரி இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பாலாற்றில் வெள்ளம் வந்தது அல்லவா, அதிலிருந்து தண்ணீர் வற்றவே இல்லை. நுரை கிடையாது, நாற்றமும் கம்மி. கம்பெனிக்காரர்கள் சுத்தம் பண்ணித்தான் விடுகிறார்கள் என்கிறார்கள். விரால், ஜிலேபி, கெளுத்தி எல்லாம் துள்ளுகிறது. கரையில் நின்றால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆடி மூன்றாம் ஞாயிறு கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவது உனக்கு மறந்திருக்காது. உங்கள் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் வரும், ஜோதி வாங்கிக்கொள்ளும். கூழுக்கு மடுவில் பிடித்த பொடி மீனைக் காயவைத்துக் குழம்பு வைப்பதும், மாசமாக இருக்கிற பெண்ணுக்கு முதல் கலயம் கொடுப்பதும் அப்போதே உண்டு. நீ போன பிறகு இதில் இன்னொரு வழக்கம் சேர்ந்துகொண்டது. அது என்னால் வந்தது.

கூழ் ஊற்றுகிற ஞாயிறு காலையில் மடுவில் பிடிக்கிற முதல் விராலை என் கையில் கொடுப்பார்கள். நான் அதைக் கோயில் முன்னால் குறுக்கே வெட்டி, வெட்டின முகத்தை எல்லோருக்கும் காட்டுவேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். "நீலம் ஏறல" என்று சொல்லுவேன். அப்புறம் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன், சுருளும். அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் ஊர் தின்னும். வேலு தின்றால் ஊரே தின்னலாம் என்பது பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் வாயால் நான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தப் பழைய வெள்ளம் வந்ததற்கு அடுத்த கோடை, சித்திரை பதினாறு, சனிக்கிழமை. நீ எழுதின மனுவை விசாரிக்கச் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். வெள்ளை ஜீப்பு, கண்ணாடியில் விரிசல். நீ கிறிஸ்துமஸுக்கு எடுத்த கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தாய். அந்த மனுவில் ஏழு கையெழுத்து, நாற்பத்து மூன்று கைநாட்டு. அதில் ஒன்று என்னுடையது. மடுவுத் தண்ணீரில் பிள்ளைகளுக்குச் சிரங்கு வருகிறது, மாட்டுக்குச் சினை கலைகிறது, மீனைத் தின்ன பயமாக இருக்கிறது என்று நீ படித்துக் காட்டினாய், நான் விரலை வைத்தேன்.

அதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மனுவின் நகல் அவர் மேசை மேல் இருந்தது. "இதுல உன்னுது எதுப்பா வேலு?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று ரேகை, எல்லாம் ஒரே மாதிரி. எனக்கே தெரியவில்லை. "உன்னுது இல்லன்னா நல்லதுதானே? ஷாப்பு மூடுனா நூத்தி நாப்பது குடும்பம் எங்க போகும்? நீ டிரம்காரன், உன் பேச்சை ஊரு நம்பும், நாளைக்கு வந்து நில்லு" என்றார். அந்த மாதம் பட்டம்மாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அது உனக்கும் தெரியும். அவளைப் பார்க்க நான் போக முடியாத நாளில் கஞ்சி கொண்டு போனது ஜோதிதான்.

டிரம்காரன் பேச்சை ஊர் ஏன் நம்பும் என்பதை எழுதும் இந்தப் பெண்ணுக்கு விளக்கினேன், உனக்கு வேண்டாம். இருபத்தாறு வருஷம் டிரம்மில் பச்சைத் தோலோடு குரோம் உப்புப் போட்டுப் பதப்படுத்தினவன் நான். தோல் வெந்ததா இல்லையா என்று கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் கீறிப் பார்ப்போம். மேலேயிருந்து கீழே வரைக்கும் நீலம் ஓடியிருந்தால் ஏறிவிட்டது. நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் ஏறவில்லை, டிரம்மை இன்னும் சுற்ற விட வேண்டும். சந்தேகம் இருந்தால் துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவோம். சுருண்டால் ஏறவில்லை. இந்த இரண்டிலும் என் கண் ஒரு நாளும் தப்பினதில்லை.

அந்தக் கண்ணைத்தான் நான் மீன் மேல் வைத்தேன். என் கத்தியை டிரம் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பினேன், நீ நின்றாய். உன் கத்தியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாய்.

மடுவில் பிடித்த விராலை ஜனம் முன்னால் வெட்டினேன். "பாருங்க சார், குரோம் ஏறியிருந்தா நீலம் தெரியணும். தோலுன்னாலும் சரி, மீனுன்னாலும் சரி" என்றேன். டீக்கடைப் பாத்திரத்தில் ஒரு துண்டைப் போட்டேன், சுருண்டது. எடுத்துத் தின்றேன். அதிகாரி சிரித்தார். ஜனமும் சிரித்தது. "மீனே சாட்சி சொல்லிடுச்சுப்பா டேனியலு" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். அன்று சாயங்காலமே என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். அடுத்த வாரம் உன்னை ஷாப்பிலிருந்து நிறுத்தினார்கள்.

அப்புறம் காலனியே உன்னை என்ன பாடு படுத்தியது என்பதும் தெரியும். நீ சைக்கிளில் போனால் "சார், சார், மீன் அழுவுது சார், ஒரு மனு எழுதுங்க" என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள்கூட நான் அவர்களை அதட்டவில்லை. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு, குட்டி லாரியில் இரண்டு கட்டிலும் தையல் மிஷினும் ஏற்றிக்கொண்டு நீ போனாய். டிரம் கொட்டகை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜோதி திரும்பிப் பார்த்தது. நீ பார்க்கவில்லை.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

தை மாதம் ஜஹீதா ஐஸ் பெட்டியோடு வந்து, படிப்புக்கு மடுவு மீன் வேண்டும் தாத்தா என்றாள். நானே வலை போட்டு ஒன்பது மீன் பிடித்துக் கொடுத்தேன். பெருமையாக, நான் வெட்டியே காட்டுகிறேன் பார் என்று ஒரு விராலை எடுத்து வெட்டி, வெள்ளை முகத்தை நீட்டினேன். அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நான் வழித்துத் தூக்கிப் போட்டேனே, செவுளும் ஈரலும், அதைக் குனிந்து பொறுக்கித் தனித்தனிக் கவரில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதே உள்ளங்கால் சில்லென்று ஆனது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது எழுதிக்கொண்டிருப்பதால் தெரியப் போகிறது.

வைகாசியில் முடிவோடு வந்தாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "தாத்தா, தண்ணி மாறிடுச்சு, சேறு மாறல. அத்தனை வருஷம் எறங்குனது அடியில உக்காந்திருக்கு. குரோம் மட்டும் இல்ல, ஈயமும் இருக்கு. மீன் அந்தச் சேத்துலதான் மேயுது. சதையில கம்மி, ஈரல்லயும் செவுள்லயும் ஜாஸ்தி" என்றாள். அப்போ நீலம் எங்கே என்று கேட்டேன். "இவ்ளோ கொஞ்சத்துக்கு நீலம் கண்ணுக்குத் தெரியாது தாத்தா. தோலுக்கு நீங்க மூட்டை மூட்டையா போட்டீங்க. உடம்பைக் கெடுக்கறதுக்கு மூட்டை வேணாம்" என்றாள்.

டேனியலு, கூழுக்கு நாம் போடுவது பொடி மீன். அதை யார் வெட்டினார்கள், யார் கழுவினார்கள்? ஈரல், செவுள், குடல் எல்லாவற்றோடும் முழுசாகத்தானே வெயிலில் போடுகிறோம். நான் பெரிய விராலின் முதுகை வெட்டிக் காட்டிவிட்டு, ஊருக்குத் தின்னக் கொடுத்தது வேறு.

ஒரு வேளை தின்றால் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்காகத் தின்பதுதான் கெடுதல், அதுவும் வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் தொடவே வேண்டாம் என்கிறாள். மேகலாவுக்கு வாரம் இரண்டு நாள் நான்தான் மடுவில் விரால் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு தேறும் என்று சொல்லி. பட்டம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதும் அப்படித்தான் மூன்று மாதம் விரால் சாறு கொடுத்தேன். அவள் போனதற்கு அதுதான் காரணமா என்று ஜஹீதாவைக் கேட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது தாத்தா என்றாள். நான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

வீட்டில் சொன்னேன். தமிழ்வேந்தன் சிரித்தான். "நீ தின்னு தின்னுதானே எழுபத்தி நாலுலயும் கல்லாட்டம் இருக்கே?" என்றான். மேகலா எனக்காக வீட்டில் மீனை நிறுத்திவிட்டாள். ஆனால் "அம்மன் கலயத்தை எப்படி மாமா வேணாங்கறது? ஆறு வருஷம் அவகிட்டதானே கேட்டேன்" என்கிறாள். அவளை என்ன சொல்வது? இந்த வருஷம் முதல் கலயம் அவளுக்கு.

கோயில்காரர்களிடம் ஜஹீதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேப்பரை விரித்து அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னாள். கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்க வூட்ல பிரியாணிதான், உனக்கின்னா எங்க கருவாட்டு மேல கண்ணு?" என்று ஒருவன் ஆரம்பித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "எங்க அம்மா உங்க கருவாட்டுக் குழம்புக்கு வருஷா வருஷம் தூக்கு அனுப்புது அண்ணா, அதான் பேஜாரு" என்றாள். வெளியில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், நான்தான் எழுத வைத்தேன்.

என்னிடம் அவர்கள் கேட்டது வேறு. "அப்போ இத்தினி வருஷம் நீ வெட்டிக் காட்டுனது பொய்யா வேலு மாமா?" என்றார்கள். பொய் இல்லை, நீலம் ஏறவில்லைதான் என்றேன். "அப்புறம் இன்னா? வயசாயிடுச்சு, பொண்ணு பேச்சைக் கேட்டு பயப்படறே. ஞாயித்துக்கெழமை வந்து வழக்கம்போல வெட்டு, எல்லாம் சரியாப் போயிடும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்கள். ஏறவில்லை என்று நானே சொன்னேன் பார். இந்த வாய் பழகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது என்ன என்று உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்று விராலை வெட்டும்போது வலது கையில் உன் கத்தி, இடது கையில் மீன். வயிறு பிளந்ததும் ஈரல் வெளியே வந்தது. ஈரல் மாதிரியே இல்லை. ஊதிப் போய், கறுத்து, மேலே கட்டி கட்டியாக இருந்தது. நான் எத்தனை மீன் அறுத்தவன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதிகாரி கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரலால் அதை வழித்துக் கீழே தள்ளி, காலால் மண்ணை இழுத்து மூடினேன். நிமிர்ந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "சார், அவன் காலை எடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை. மனு ஜெயித்திருக்கும், நான் போயிருப்பேன். நீ சொல்லவில்லை. கத்தியைக்கூடத் திருப்பிக் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாய். பட்டம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பதற்காக வாயை மூடினாயா? இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது இல்லை, "உன் மேல் அருவருப்பு வந்துதான் போனேன்" என்றாலும் சொல்லு. தாங்கிக்கொள்வேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உன் வயசுக்கும் என் வயசுக்கும் அதைக் கொடுத்து வாங்கி என்ன செய்யப் போகிறோம்? வேறு ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு அன்று மீன் என் கைக்கு வரும். நான் வெட்ட மாட்டேன் என்று சொன்னால், கிழவனுக்குப் பயம் என்று இன்னொருவன் வெட்டுவான். வெட்டினால் வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால் நான் ஈரல் கதையை அங்கேயே, ஜனம் முன்னால் சொல்லப் போகிறேன். ஆனால் நம்ப மாட்டார்கள். என் பேச்சை எப்போதும் நம்பியவர்கள் இதை மட்டும் நம்ப மாட்டார்கள். இத்தனை வருஷம் அவர்களும் தின்று, பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார்களே, எப்படி நம்புவார்கள்? பார்த்தவன் ஒருவன் வந்து சொன்னால்தான் முடியும். அன்று நீ ஊருக்காகப் பேசினாய், நான் உனக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். இப்போது நீ வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும், டேனியலு. வேலு பொய் சொன்னான், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னால் போதும்.

ஊர் என் மேல் துப்பினால் துப்பட்டும். தமிழ்வேந்தன் முகம் எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை. பரவாயில்லை. அவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கப் போகிறது, அதன் முகத்தைப் பார்த்து ஆற்றிக்கொள்வான்.

உன் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. வருஷம் ஒரு தடவை அந்தக் காரியத்துக்குத்தான் எடுப்பேன். பிடியில் நீ சுற்றின செம்புக் கம்பி அப்படியே இருக்கிறது. துடைத்து எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வந்து உன் கையால் எடுத்துக்கொள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ஆராதனை இருக்கும். ஒரு வாரம் உன் ஆண்டவரிடம் லீவு கேட்டுக்கொள். கூழ் ஊற்றுவது பத்து மணிக்கு. ஓசூரில் விடிகாலை பஸ் ஏறினால் வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் ஜஹீதா நிற்பாள். ஜோதியால் முடிந்தால் அதையும் கூட்டி வா. எங்கள் வீட்டில் தங்க மனம் இல்லையென்றால் ஹலீமா பீ வீட்டில் இடம் இருக்கிறது, கேட்டு வைத்துவிட்டேன். நீ வராமல் போனாலும் உன் மேல் எனக்கு ஒரு சொல் கிடையாது. நான் எப்படியும் சொல்லிவிடுவேன்.

ராஜேஷும் அவன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஜோதியின் முட்டி குணமாக வேண்டும். உனக்கு நல்ல தூக்கம் வர வேண்டும். மேகலா வயிற்றில் இருப்பது கை, கால், கண் எல்லாம் சரியாக வந்து சேர வேண்டும் என்று ஜெபத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். என் பேரைச் சொல்ல வேண்டாம், அவள் பேரைச் சொல்லு. அவள் கலயம் நிரம்புவதற்கு முன்னால் வந்துவிடு.

ஆனி இருபத்தெட்டு.
டிரம் வேலு.

கீழே என் இடது கட்டைவிரல். இந்தத் தாளில் ஒரே ஒரு ரேகைதான் இருக்கிறது. உன்னுது எது என்று இந்தத் தடவை யாரும் கேட்க வேண்டாம்.